படம் வரையும் கோப்புகளுக்கு யார் பொறுப்பு?

சிம் லிம் ஸ்குவேரில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த புதுக் கணினியில் பழைய விளையாட்டு ஒன்றை நிறுவித் திறந்தால், பல நேரம் ஒரு சின்னப் பெட்டி குறுக்கே வந்து நிற்கும். ‘டி3டிஎக்ஸ்9_43.டிஎல்எல்’ என்ற கோப்பைக் காணவில்லை, அதனால் நிரலைத் தொடங்க முடியவில்லை என்று அது சொல்லும். கணினிக்கு உரியவர் உடனே விண்டோஸில் ‘டிஎக்ஸ்டயாக்’ என்று தட்டிப் பார்ப்பார். டைரக்ட்எக்ஸ் 12 இருப்பதாக அது காட்டும். பன்னிரண்டு இருக்கிற இடத்தில் ஒன்பது எப்படி இல்லாமல் போகும் என்று குழப்பம் வரும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்றுகூடத் தோன்றும். அவர்மேல் குற்றமில்லை. திரை சொன்ன இரண்டு செய்தியும் உண்மைதான்.

கணினியில் எந்த நிரலும் படத்தைத் தானே வரைந்துகொள்வதில்லை. இங்கே ஒரு முக்கோணம் வேண்டும், அதற்கு இந்த நிறம் வேண்டும், இந்த எழுத்து இந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று கேட்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. வரைவது மற்றவை. அடியில் வரைகலை அட்டையின் டிரைவர் இருக்கிறது. அதற்கு மேலே டைரக்ட்எக்ஸ், ஓப்பன்ஜிஎல், வல்கன் போன்ற பொது நூலகங்கள். அவற்றுக்கும் மேலே கணக்குப் போட, படக்கோப்பைப் பிரிக்க, எழுத்தைக் கோக்க என்று துணைக் கோப்புகள். நிரல் ஓடும் நேரத்தில் இவை எல்லாம் கூடவே இருந்தாக வேண்டும் என்பதால் இவற்றை மொத்தமாக ரன்டைம் என்கிறோம். இவற்றைக் கொண்டுவந்து தருவது யார், புதுப்பிப்பது யார், கெட்டுப்போனால் பதில் சொல்வது யார்? வீட்டுக் கணினிக்கு முப்பரிமாண அட்டைகள் வரத் தொடங்கிய 1995இலிருந்து இந்தக் கேள்வி தீரவில்லை. அட்டை செய்பவர், இயங்குதளம் செய்பவர், நிரல் எழுதுபவர் என்று பொறுப்பு கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. மூவரும் கைவிட்ட நேரங்களில் அது கணினி வாங்கியவர் தலையில் விழுந்தது. அது அவர் தலையில் விழவே கூடாது என்பதுதான் என் உறுதியான கருத்து.

இந்த வரலாற்றைச் சிங்கப்பூரிலிருந்து பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ரோச்சோர் கால்வாய் ஓரம், 1987இல் திறந்த சிம் லிம் ஸ்குவேர் இரண்டு தலைமுறைக்குக் கணினிப் பாகம் விற்றிருக்கிறது. அதோடு முடியவில்லை. பாகம் செய்த நிறுவனமும் இந்த ஊரில் இருந்தது. தமிழ் எழுத்தைத் திரைக்குக் கொண்டுவந்த முன்னோடி முயற்சியும் இங்கேதான் நடந்தது.

சிம் வோங் ஹூ 1981இல் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி 1989இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் ஒலியட்டையை உலகமே அறியும். அதே நிறுவனம் 1995இல் 3டி பிளாஸ்டர் என்ற முப்பரிமாண அட்டையையும் விற்றது என்பது அவ்வளவாக நினைவில் இல்லை. உள்ளே இருந்தது 3டிலேப்ஸ் நிறுவனத்தின் சில்லு. அதனிடம் பேசுவதற்குக் கிரியேட்டிவ் தனக்கென்று ஒரு வரைகலை நூலகம் வைத்திருந்தது. அந்த நூலகத்துக்கென்றே எழுதிய விளையாட்டுகளில்தான் அட்டையின் முழுத் திறனும் தெரியும். அடுத்த ஆண்டு சந்தைக்கு வந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனமும் கிளைட் என்ற தன் சொந்த நூலகத்தோடுதான் வந்தது. அட்டைக்காரரே எல்லாவற்றையும் சுமந்த காலம் அது. அட்டையோடு வந்த குறுவட்டைப் போட்டால் வேலை முடிந்தது. நிறுவனம் உயிரோடு இருக்கும்வரை இந்த ஏற்பாட்டில் குறை தெரியாது. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸ் தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்றுவிட்டு மறைந்தபோது, கிளைட் மட்டுமே தெரிந்த விளையாட்டுகள் அநாதையாயின. இன்று அவை ஓடுகின்றன என்றால், கிளைட் கேட்பதை டைரக்ட்3டிக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் நிரல்களை ஆர்வலர்கள் எழுதி வைத்ததுதான் காரணம்.

மைக்ரோசாஃப்ட் 1995 செப்டம்பரில் டைரக்ட்எக்ஸின் முதல் பதிப்பை வெளியிட்டபோது, அந்தப் பொறுப்பை இயங்குதளத்தின் பக்கம் இழுத்தது. விளையாட்டு டைரக்ட்எக்ஸிடம் பேசும். டைரக்ட்எக்ஸ் எந்த அட்டையின் டிரைவரிடமும் பேசும். அடிப்படையில் நல்ல ஏற்பாடு. இன்றுவரை நிலைத்திருப்பதும் அதுதான். ஆனால் தொடக்கத்தில் நான் சொன்ன அந்தக் காணாமல்போன கோப்பு பிறந்ததும் இந்த ஏற்பாட்டின் ஒரு மூலையில்தான்.

டைரக்ட்எக்ஸ் 9.சி 2004 ஆகஸ்டில் வந்தது. அதன் மையக் கோப்பு டி3டி9.டிஎல்எல். அது விண்டோஸோடு சேர்ந்தது, விண்டோஸ் 11இலும் இருக்கிறது. அதன் பக்கத்தில் நிரலாளர் வசதிக்காக டி3டிஎக்ஸ் என்ற துணை நூலகம் ஒன்று இருந்தது. அணிகளைப் பெருக்குவது, படக்கோப்பை ஏற்றுவது, நிழலூட்டும் நிரலைத் தொகுப்பது அதன் வேலை. 2005 பிப்ரவரியிலிருந்து மைக்ரோசாஃப்ட் இதைத் தனி டிஎல்எல்லாகத் தரத் தொடங்கியது. முதலாவதன் எண் 24. சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு புது எண் வந்தது. 2010 ஜூனில் வந்த 43தான் கடைசி. இருபது கோப்புகள். 43 இருந்தால் 42 வேண்டாம் என்று இல்லை. எந்த எண்ணை வைத்து விளையாட்டைக் கட்டினார்களோ அந்த எண்ணையே அது கேட்கும். ஒரு நிரலுக்காகப் புதுப்பித்த கோப்பு இன்னொரு நிரலைக் கெடுத்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் இப்படிச் செய்தார்கள். ஆனால் இந்த இருபதும் எந்த விண்டோஸ் பதிப்போடும் தானாக வரவில்லை. விளையாட்டு விற்பவரே தன் நிறுவியோடு சேர்த்துத் தர வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். ஸ்டீமில் பல பழைய விளையாட்டுகள் முதல்முறை திறக்கும்போது டைரக்ட்எக்ஸ் நிறுவப்படுகிறது என்று காட்டுவது இதனால்தான். விளையாட்டைப் பென்டிரைவில் நகலெடுத்துக்கொண்டு வந்தவருக்கு அந்தப் படி நடக்காமல் போகிறது. அங்கேதான் பெட்டி எழுகிறது.

சரியான மருந்து ஒன்றுதான். மைக்ரோசாஃப்ட் தளத்தில் 2010 ஜூன் டைரக்ட்எக்ஸ் ரன்டைம் தொகுப்பு இருக்கிறது. நூறு மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவான ஒரே கோப்பு. விரித்து உள்ளிருக்கும் நிறுவியை ஓட்டினால் இருபது எண்களும், கூடவே எக்ஸ்ஆடியோ, எக்ஸ்இன்புட் பழைய கோப்புகளும் வந்து சேரும். டைரக்ட்எக்ஸ் 12ஐ அது தொடாது. விடுபட்டதை மட்டும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகும். ஆனால் பெரும்பாலானவர் செய்வது வேறு. கோப்பின் பெயரைத் தேடி, முதலில் கண்ணில் படும் ஏதோ ஒரு தளத்திலிருந்து அந்த ஒற்றை டிஎல்எல்லை இறக்கி, சிஸ்டம்32 அடைவில் போட்டுவிடுகிறார்கள். இதில் இரண்டு கேடு. அந்தக் கோப்புக்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அது முதல் கேடு, பெரிய கேடு. இரண்டாவது, போட்ட இடமே தவறு. 64 பிட் விண்டோஸில் 64 பிட் கோப்புகள் இருப்பது சிஸ்டம்32இல். 32 பிட் கோப்புகள் இருப்பது சிஸ்வாவ்64இல். பெயரைப் பார்த்தால் தலைகீழாகத் தெரிந்தாலும் நிலைமை அதுதான். பழைய விளையாட்டுகளில் பெரும்பாலானவை 32 பிட். அதனால் கோப்பைச் சிஸ்டம்32இல் போட்டும் பலனில்லை, அதே பிழைச்செய்தி திரும்பி வருகிறது.

விண்டோஸ் 8 வந்த 2012இலிருந்து டைரக்ட்எக்ஸ் முழுக்க இயங்குதளத்தின் உறுப்பாகிவிட்டது. தனியே ‘டைரக்ட்எக்ஸ் அப்டேட்’ என்று ஒன்று இப்போது கிடையாது. அப்படி ஒரு பொத்தானைக் காட்டும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிட வேண்டும்.

விஷுவல் சி++ ரன்டைம் கோப்புகளின் கதையும் ஏறக்குறைய இதே கதைதான். நிறுவிய நிரல்களின் பட்டியலில் ஒரே பெயர் 2005, 2008, 2010, 2012 என்று வரிசையாக நிற்பதைக் கண்டு, இடம் அடைக்கிறது என்று நீக்கிவிடுபவர்கள் உண்டு. ஒவ்வொன்றையும் நம்பி ஏதோ ஒரு நிரல் இருக்கிறது. 2015க்குப் பிந்தையவற்றை மட்டும் மைக்ரோசாஃப்ட் ஒரே குடும்பமாக்கியது. அங்கே புதியது பழையதன் இடத்தை எடுத்துக்கொள்ளும். அங்கேயும் 2024இல் ஒரு சிக்கல் வந்தது. புதிய தொகுப்பியில் கட்டிய நிரல்கள் சில, கணினியில் பழைய எம்எஸ்விசிபி140.டிஎல்எல் கிடந்தால் திறந்தவுடனே விழுந்தன. கணினியில் இருக்கும் பதிப்பு, நிரலைக் கட்டியவர் வைத்திருந்ததைவிடப் பழையதாக இருக்கக் கூடாது என்பதே விதி.

இதுவரை சொன்னது விளையாட்டுக்காரர் பாடு. தமிழ் எழுதுபவர் பாடும் இதே வகைதான் என்பதைப் பலர் சேர்த்துப் பார்ப்பதில்லை. திரையில் எழுத்தும் ஒரு படம்தானே. அதை வரையவும் ரன்டைம் வேண்டும்.

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றிய தளத்தை அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். அதில் தமிழுக்குப் பின்னால் இருந்தவர் நா. கோவிந்தசாமி. எழுத்தாளர், ஆசிரியர், கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவர். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ குழுவோடு சேர்ந்து அவர் செய்த வேலை அது. 1997 மே மாதம் தமிழ் இணையத்துக்கான முதல் மாநாட்டையும் அவரே இங்கே கூட்டினார். அன்று ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஒரு எழுத்துரு, ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம். படிக்க வருபவரே எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் முழுக்க விளங்காத குறிகள். சுமை முழுக்கப் படிப்பவர் மேல். 1999 மே மாதம் கோவிந்தசாமி காலமானார். அடுத்த ஆண்டு ஜூலையில் சிங்கப்பூரில் கூடிய மாநாட்டில் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் பிறந்தது. அவர் தொடங்கிய உரையாடலின் விளைவு அது என்றே நான் கருதுகிறேன்.

யூனிகோடு தரத்தில் தமிழ் 1991இலேயே இடம்பிடித்துவிட்டது. ஆனால் தரத்தில் இடம் கிடைப்பது வேறு, திரையில் எழுத்து சரியாக நிற்பது வேறு. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். கோப்பில் ககரம் முதலில், அதன் உயிர்க்குறி அடுத்து, அவ்வளவுதான் இருக்கும். திரைக்கு வரும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். இந்தக் கோக்கும் வேலையை விண்டோஸில் செய்தது யூனிஸ்கிரைப், அதாவது யுஎஸ்பி10.டிஎல்எல் என்ற கோப்பு. விண்டோஸ் 2000உடனும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5உடனும் அது வந்தது. அது வேலை செய்யாத இடத்தில் கொம்பும் காலும் ககரத்தை விட்டு விலகி, புள்ளிகளாலான ஒரு வட்டத்தோடு தனியே தொங்கும். எழுத்துருவே இல்லாத இடத்தில் வெறும் கட்டங்கள்.

விண்டோஸ் எக்ஸ்பியில் இந்த வசதி இருந்தும் தூங்கிக்கொண்டிருந்தது. கன்ட்ரோல் பேனலைத் திறந்து, வட்டார மொழி அமைப்புக்குப் போய், மொழிகள் தாவலில் சிக்கலான எழுத்துமுறைக் கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். உடனே அது எக்ஸ்பி குறுவட்டைக் கேட்கும். குறுவட்டு இருந்தால் போட்டு, கணினியை மறுபடி தொடங்கினால் லதா எழுத்துருவில் தமிழ் தெரியும். குறுவட்டு இல்லாமல் விற்ற கணினிகளும், நிர்வாகி அனுமதி இல்லாத அலுவலகக் கணினிகளும் எத்தனை! மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் தனக்கென்று யுஎஸ்பி10இன் புதிய பதிப்பு ஒன்றை வைத்திருந்தது. அதை எடுத்துச் சிஸ்டம்32இல் வைத்துத் தமிழைத் திருத்திக்கொண்டவர்கள் உண்டு. சில நிமிடத்தில் விண்டோஸ் பழைய கோப்பையே மீண்டும் கொண்டுவந்து வைத்துவிடும். தங்கள் மொழியைப் படிப்பதற்கு மக்கள் இயங்குதளத்தின் கோப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

2009இல் விண்டோஸ் 7உடன் டைரக்ட்ரைட் வந்தது. எழுத்தை வரைகலை அட்டையின் துணையோடு வரைவது அது. டைரக்ட்எக்ஸ் குடும்பத்தில் ஒன்று. 2014இல் விண்டோஸுக்கான குரோம் உலாவியும் அதற்கு மாறியது. மறுபக்கம், எழுத்தைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நூலகத்தை ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாம் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டன. 2017இல் லிப்ரேஆஃபிஸும் எல்லாத் தளங்களிலும் அதற்கு மாறியது. நிரல் தன் தேவையைத் தானே சுமக்கத் தொடங்கியதும் தமிழ் வாசகரின் தலைச்சுமை இறங்கியது. இன்று சிங்கப்பூரில் யாரும் எழுத்துரு இறக்கிக்கொண்டு தமிழ் முரசு படிப்பதில்லை.

இருந்தாலும் ஒரு மிச்சம் உண்டு. விண்டோஸ் 10இல் லதாவும் விஜயாவும் விருப்பக் கூறுகள் பட்டியலுக்குப் போய்விட்டன. தமிழை மொழியாகச் சேர்க்காத கணினியில் அவை இல்லை. லதாவில் அமைத்த பழைய பாடக்குறிப்பு அங்கே நிர்மலா எழுத்துருவில் திறக்கும். எழுத்து சரியாகவே தெரியும், ஆனால் வரி வேறு இடத்தில் உடையும், பக்கக்கணக்கு மாறும். அமைப்புகளில் விருப்பக் கூறுகளுக்குப் போய்த் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்த்தால் பழையபடி ஆகும்.

இந்த ரன்டைம் அடுக்குகளில் டிரைவர்தான் மிகக் கடினமான பகுதி. அதன் முக்கியப் பகுதி இயங்குதளத்தின் மையக்கருவுக்குள் ஓடுகிறது. அங்கே பிழை வந்தால் கணினியே விழும். 2007 ஜனவரியில் விஸ்டா பொதுமக்களுக்கு வந்தபோது வரைகலை, ஒலி இரண்டின் டிரைவர் அமைப்பும் மாறியிருந்தது. அட்டை நிறுவனங்கள் தயாராக இல்லை. பின்னர் ஒரு வழக்கில் வெளியான மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல்கள், 2007இல் பதிவான விஸ்டா முடக்கங்களில் நூற்றுக்கு 28க்கு மேல் என்விடியா டிரைவர்களால் வந்தவை என்று காட்டின. கிரியேட்டிவுக்கு வேறு வகை அடி. டைரக்ட்சவுண்ட் வழியாக ஒலியட்டையின் திறனைப் பயன்படுத்தும் பாதையையே விஸ்டா அடைத்துவிட்டது. பழைய விளையாட்டின் ஒலிக்கட்டளைகளை ஓப்பன்ஏஎல்லுக்கு மாற்றித் தரும் ஆல்கெமி என்ற நிரலைக் கிரியேட்டிவ் வெளியிட்டது. 2008இல், நிறுவனம் விஸ்டாவில் தராத வசதிகளை ஓர் ஆர்வலர் டிரைவரைத் திருத்தித் தாமே கொடுத்தார். நிறுவனம் அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தது. வாடிக்கையாளர் கோபம் நிறுவனத்தின் மேலேயே திரும்பியது, கடைசியில் நிறுவனம் இறங்கி வந்தது. அட்டை விற்றவர் டிரைவருக்கு எவ்வளவு காலம் கடன்பட்டவர் என்பதை இந்த ஊர் நிறுவனத்தைப் போல் கசப்பாகக் கற்றுக்கொண்டவர்கள் குறைவு.

புதியது எப்போதும் நல்லது என்றும் நம்ப முடியாது. 2010 மார்ச்சில் வந்த என்விடியா 196.75 டிரைவர் விசிறியைச் சரியாக ஓட்டாமல் அட்டைகளைச் சூடாக்கியது, உடனே திரும்பப் பெறப்பட்டது. 2023இல் ஏஎம்டி டிரைவரை நிறுவும் நேரத்தில் விண்டோஸும் பின்னணியில் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தால், சில கணினிகள் அடுத்த முறை தொடங்க மறுத்தன. ஆனால் புதுப்பிக்காமல் இருப்பதும் ஆபத்து. சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின் கீழ் இயங்கும் சிங்சர்ட், வெவ்வேறு மென்பொருள்களின் பாதுகாப்பு ஓட்டைகளைப் பற்றித் தொடர்ந்து எச்சரிக்கை வெளியிடுகிறது. வரைகலை டிரைவர்களும் இந்த ஓட்டைகளுக்கு விலக்கல்ல. எனக்குச் சரியாகப் படும் நடைமுறை இதுதான்: மடிக்கணினி என்றால் அதைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து, கூட்டிய கணினி என்றால் சில்லு நிறுவனத்தின் தளத்திலிருந்து. வெளியான அன்றே போடாமல் ஓரிரு வாரம் பொறுத்து. நிறுவும் முன் விண்டோஸ் அப்டேட் முடிந்துவிட்டதா என்று பார்த்து. ஒரு மீட்புப் புள்ளி வைத்து. ‘எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கும்’ மென்பொருள்கள் பக்கமே போக வேண்டாம்.

2016 பிப்ரவரியில் வந்த வல்கன் இந்தப் பாடங்களையெல்லாம் உள்வாங்கியது. வல்கன்-1.டிஎல்எல் என்ற ஒரு சிறு ஏற்றி, அதற்குக் கீழே அட்டைக்காரரின் டிரைவர். இரண்டும் டிரைவர் நிறுவும்போதே ஒன்றாக வந்துவிடும். தொடக்கத்தில் ‘வல்கன் ரன்டைம் லைப்ரரீஸ்’ என்ற பெயரைப் பட்டியலில் கண்டு வைரஸ் என்று நீக்கியவர்கள் பலர். 2018இல் வந்த டிஎக்ஸ்விகே, டைரக்ட்3டி கட்டளைகளை வல்கனுக்கு மாற்றுகிறது. லினக்ஸில் விண்டோஸ் விளையாட்டுகள் ஓடுவது பெரும்பாலும் இதன் தயவால். மைக்ரோசாஃப்டும் 2021இல் அஜிலிட்டி எஸ்டிகே மூலம், டைரக்ட்3டி 12இன் மையக் கோப்பையே விளையாட்டு தன்னோடு கொண்டுவரலாம் என்று அனுமதித்தது. டி3டிஎக்ஸ் காலத்தில் அரைகுறையாகச் செய்ததை இப்போது முழுதாகச் செய்கிறார்கள்.

நிரலே எல்லாவற்றையும் சுமந்துகொள்ளட்டும் என்று முடித்துவிடலாமா? 2023 செப்டம்பர் அதற்குத் தடை சொல்கிறது. வெப்பி வகைப் படத்தைத் திறக்கும் லிப்வெப்பி நூலகத்தில் ஒரு பெரிய ஓட்டை அப்போது வெளிப்பட்டது. அந்த நூலகத்தின் நகல் குரோமில் ஒன்று, ஃபயர்ஃபாக்ஸில் ஒன்று, எலெக்ட்ரான் என்ற கட்டமைப்பில் கட்டிய ஒவ்வொரு அரட்டைச் செயலியிலும் ஒன்று. இயங்குதளம் ஒரு கோப்பை மாற்றினால் தீரும் வேலை இல்லை அது. ஒவ்வொரு நிரலையும் தனித்தனியே புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஆகவே நிரல் தன் துணைக்கோப்புகளைச் சுமக்கலாம், சுமப்பவர் கடைசிவரை புதுப்பிக்கவும் வேண்டும். புதுப்பிக்க ஆளில்லாத பழைய நிரல்களுக்குத் தேவையானதை இயங்குதளம் தன்னோடு வைத்திருக்க வேண்டும். இருபது சிறு கோப்புகளை விண்டோஸோடு சேர்த்துவிட்டால் உலகம் முழுக்க எழும் அந்தப் பெட்டி நாளையே மறையும். இத்தனை ஆண்டுகளாக அதைச் செய்யாததற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது அவசரமானது வேறொன்று. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டைரக்ட்எக்ஸ் 12 தெரிந்த வரைகலையும், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ஏறக்குறைய அதே நேரத்தில் என்விடியா, 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கான வழக்கமான டிரைவர்களை நிறுத்தியது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். நன்றாக ஓடுகிற கணினிகள் கோப்பு வராத ஒரே காரணத்தால் குப்பைக்குப் போகும் நிலை இது. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்வதாகத் தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்கிறது. 2021 ஜூலையிலிருந்து அதைத் திரட்டும் செலவை உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் ஏற்கும் முறை நடப்பில் இருக்கிறது. பழைய கணினிக்கு இங்கே தேவையும் இருக்கிறது. என்ஜினியரிங் குட் என்ற தொண்டு அமைப்பு 2020இல் கொவிட் முடக்கத்தின்போது நன்கொடையாக வந்த மடிக்கணினிகளைச் சீர்செய்து வசதி குறைந்த வீடுகளுக்குக் கொடுத்தது. அப்படிக் கைமாறும் கணினி ஒவ்வொன்றுக்கும், அதன் வரைகலை டிரைவர் எந்த ஆண்டுவரை வரும், எந்த இயங்குதளம் அதில் தொடர்ந்து ஓடும் என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும். சிம் லிம் கடைகளின் பழைய அட்டை பில்லிலும் அதே வரி இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் மின்செலவை டிக் குறியிட்டு ஒட்ட வைத்த நாடு இது. டிரைவர் வரும் காலத்தையும் பெட்டியின் மேல் அச்சிடு என்று அட்டை நிறுவனங்களிடம் கேட்கும் சட்டபலம் அதற்கு உண்டு, கேட்க வேண்டிய நேரமும் இதுதான்.